குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள்



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வீடு திரும்பினேன். திண்ணையில் ஒரு தாயும் மகனும் காத்திருந்தனர். மகனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும், ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பை முடித்தவர். வாப்பா பதினெட்டு ஆண்டுகள் சவூதியில் உழைத்துச் சர்க்கரை நோயோடு ஊர் திரும்பியவர். அடுத்து ஒரு மகள். நிக்காஹ் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. இந்த மூன்று வரிகளுக்குள் நம் கடற்கரை ஊர்களின் பாதி வீடுகள் அடங்கிவிடும்.

அந்தத் தாய் ஒரு தாளை நீட்டினார். "காக்கா, புள்ளைக்கு விசா வந்திருக்கு. எந்த எடத்துலெ கையெழுத்துப் போடணும்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

கவனியுங்கள். தாள் மெய்யா பொய்யா என்று கேட்பதற்காக அவர் வரவில்லை. அந்த ஐயமே அவர் உள்ளத்தில் எழவில்லை. முன்பணமாக 25,000 ரூபாய் கொடுத்தாகிவிட்டது. மீதி 95,000 ரூபாயை வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் விசா வேறொருவருக்குப் போய்விடுமாம். மகளுக்கென்று எடுத்து வைத்திருந்த வளையல்களை அடகு வைக்க மறுநாள் காலையில் புறப்படுவதாக இருந்தார். அவருடைய கவலையெல்லாம் பணம் நேரத்துக்குச் சேருமா என்பதுதான்.

தாள் சொன்ன சேதி

தாளை வாங்கிப் பார்த்தேன். உலகமே அறிந்த ஒரு ஹோட்டல் குழுமத்தின் முத்திரை தலைப்பில் பளபளத்தது. வேலை 'ரூம் பாய்'. இடம் துபாய். சம்பளம் மாதம் 4,500 திர்ஹம். உணவும் இருப்பிடமும் இலவசம். அடியில் ஒரு கையெழுத்து, ஒரு வட்ட முத்திரை, ஒரு மின்னஞ்சல் முகவரி.

அந்த மின்னஞ்சல் முகவரியே முதலில் என்னை உறுத்தியது. பல நாடுகளில் கிளை பரப்பிய நிறுவனம் தன் சொந்தப் பெயரில் அஞ்சல் முகவரி வைத்திருக்காதா? நீங்களும் நானும் காசில்லாமல் தொடங்கிக்கொள்ளும் ஜிமெயில் முகவரியிலிருந்தா அது ஆட்களை எடுக்கும்? அடுத்து, சம்பளம். அதே ஊரில் அதே வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகள் 1,200 அல்லது 1,500 திர்ஹம் வாங்குவதாகத்தான் சொல்கிறார்கள். அனுபவமே இல்லாத ஒருவருக்கு மும்மடங்கு கொடுக்க அங்கே யாருக்கு என்ன அவசியம்? எலக்ட்ரீஷியன் படித்தவருக்கு ரூம் பாய் வேலை ஏன் என்பதையும் யாரும் கேட்கவில்லை. நேர்காணல் எப்போது நடந்தது என்று தம்பியிடம் வினவினேன். "வாட்ஸ்அப்பிலெ ரெண்டு நிமிஷம் பேசினாங்க மாமா" என்றார். பேசியவர் யார்? தெரியாது.

'விசா' என்று அவர்கள் வைத்திருந்த மற்றொரு தாளையும் பார்த்தேன். அது சுற்றுலா விசாவின் நகல். அதில் வேலை என்ற சொல்லே இல்லை.

ஐக்கிய அரபு அமீரகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தியை இங்கே சொல்லிவிடுகிறேன். அங்கே 2016-ஆம் ஆண்டு முதல், ஆளை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் நிறுவனம் அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்தின் படிவத்தில்தான் வேலைக் கடிதம் தர வேண்டும். அந்தப் படிவம் அரபி, ஆங்கிலம் ஆகியவற்றுடன் தொழிலாளி அறிந்த மொழியிலும் கிடைக்கும். அமைச்சகம் வைத்துள்ள மொழிகளுள் தமிழும் ஒன்று. புறப்படுவதற்கு முன்பே அதைப் படித்துக் கையெழுத்திடலாம். அதிலுள்ள எண்ணைக் கொண்டு அமைச்சகத்தின் தளத்தில் சரிபார்க்கவும் முடியும். 'தமிழில் உள்ள அமைச்சகப் படிவத்தைக் காட்டுங்கள்' என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். வந்தவரின் முகம் பதில் சொல்லியிருக்கும்.

'விசிட்டில் போய் இறங்குங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்ற பேச்சு நம்மிடையே மிகப் பழையது. அப்படிப் போய்ப் பிழைத்தவர்களும் உண்டு. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சுற்றுலா விசாவில் இருந்துகொண்டு வேலை செய்வது அங்கே குற்றம். அனுமதியின்றி ஆளை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று 2024-இல் சட்டத்தைக் கடுமையாக்கிவிட்டார்கள். சம்பளம் வராதபோது அந்தப் பிள்ளை எந்த அலுவலகத்தின் வாசலில் போய் நிற்க முடியும்? அவர் பெயரில் ஒப்பந்தமே இராதே!

கொண்டு வந்தவர் யார்?

இந்தத் தாளை யார் கொடுத்தார் என்று கேட்டேன். தாயும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மெல்லிய குரலில் பெயரைச் சொன்னார்கள். நம் பள்ளிவாசலில் முதல் ஸஃப்பில் நிற்கும் பெரியவர் ஒருவரின் மருமகன். இவர்களுக்கும் தூரத்து உறவு.

நோய் இங்கேதான் இருக்கிறது, சகோதரர்களே! பத்திரிகை விளம்பரத்தில் வந்திருந்தால் இந்த வீட்டார் நூறு கேள்வி கேட்டிருப்பார்கள். முன்பின் தெரியாதவர் கதவைத் தட்டியிருந்தால் தண்ணீர்கூடக் கொடுத்திருக்க மாட்டார்கள். வந்தவர் ஸலாம் சொல்லிக்கொண்டு வந்தார். உறவு சொல்லிக்கொண்டு வந்தார். பதினெட்டு ஆண்டுகள் பாலைவனத்தில் காலந்தள்ளிய அந்த வாப்பாவுக்கு இகாமா என்றால் என்ன, விசிட் என்றால் என்ன என்று தெரியாதா? தெரியும். பிறகு அவரைச் சந்தித்தபோது கேட்டேன். "மச்சான் மருமகன்கிட்டெ போய் லைசென்ஸ் இருக்கான்னு எப்படிங்க கேக்குறது?" என்றார்.

எண்பதுகளில் பயணம் போனவர்களுக்குப் பம்பாய் நினைவிருக்கும். ஊர் ஜமாஅத் அறைகளில் பாயை விரித்துப் படுத்தபடி ஏஜண்டின் அழைப்புக்காக மாதக் கணக்கில் காத்திருந்தோர் எத்தனை பேர்! ஒரு காலையில் போய்ப் பார்த்தால் அலுவலகம் பூட்டிக் கிடக்கும். அன்றும் பணத்தை வாங்கிக் கொடுத்தவர் பெரும்பாலும் ஊர்க்காரர்தான். இன்று பூட்டிக் கிடப்பது கைப்பேசி எண்; அவ்வளவே வேறுபாடு.

மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற நாயகம் (ஸல்) அவர்கள், அதனுள் தம் கையை நுழைத்துப் பார்த்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. விரல்களில் ஈரம் தட்டியது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் கூறினார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவருக்கும் தமக்கும் தொடர்பில்லை எனக் கண்டித்தார்கள். இந்த ஹதீஸை நாம் விற்பவருக்கு உரிய எச்சரிக்கையாக மட்டுமே கேட்டுப் பழகியிருக்கிறோம். அன்று கையை உள்ளே விட்டுப் பார்த்தார்களே, அதையும் எண்ணிப் பாருங்கள். அந்த வியாபாரி முன்பின் அறியாத காஃபிர் என்பதற்காகவா சோதித்தார்கள்? சோதித்ததனால் அவரை அவமதித்ததாக ஆகிவிட்டதா?

அல்குர்ஆனில் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். அது தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. தவணையிட்டுக் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதையும், சாட்சிகளை வைத்துக்கொள்வதையும் பற்றியது. தொகை சிறிதோ பெரிதோ, எழுதச் சலிப்படையக் கூடாது என்கிறது. ஈமான் கொண்டவர்களை அழைத்துத்தான் அல்லாஹ் இதைச் சொல்கிறான். சொந்தக்காரர் என்றால் எழுத வேண்டாம் என்ற விலக்கு அதில் இல்லை. ஒரு செய்தி வந்தால் அதன்மேல் நடவடிக்கை எடுக்குமுன் தீர விசாரிக்க வேண்டும் என்று ஹுஜுராத் அத்தியாயம் அறிவுறுத்துவதையும் நாம் ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம்.

ஆகவே, 'உங்களை நம்பாமலில்லை மருமகனே, மார்க்கம் எழுதிக்கொள்ளச் சொல்கிறது' என்று சொல்ல நம் நாவு பழக வேண்டும். நல்லவர் இதைக் கேட்டு மகிழ்வார். கோபித்துக்கொள்பவரிடம் கொடுக்காத பணம் நம்மிடமே இருக்கும்.

30,000 ரூபாய்க் கணக்கு

சட்டம் என்ன சொல்கிறது? 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, மத்திய அரசின் பதிவுச் சான்று இல்லாத எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. மீறினால் சிறைத் தண்டனை உண்டு. பதிவு பெற்ற முகவரின் பெயர், உரிம எண், உரிமம் நடப்பில் உள்ளதா என்பவற்றை வெளியுறவு அமைச்சகத்தின் 'ஈ-மைக்ரேட்' தளத்தில் எவரும் பார்க்கலாம். பதிவில்லாமல் தொழில் நடத்துவதாகப் புகார் வந்தவர்களின் பட்டியலும் அங்கேயே கிடைக்கிறது. வீட்டில் கல்லூரிக்குப் போகும் மகள் இருந்தால் அவரிடம் கொடுங்கள். ஐந்து நிமிட வேலை.

முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிக அளவாக 30,000 ரூபாய். சரக்கு-சேவை வரி 18 விழுக்காடு சேர்த்தால் 35,400 ரூபாய். ரசீதும் தர வேண்டும். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று நம் ஊர்களில் 'விசா காசு' பேசப்படுகிறதே, அந்தப் பேச்சு சட்டப் புத்தகத்தில் எங்குமே இல்லை. அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமோ இன்னும் ஒருபடி மேலே போய், ஆளெடுக்கும் செலவை முதலாளி நேரடியாகவோ மறைமுகமாகவோ தொழிலாளியிடம் வசூலிக்கவே கூடாது என்கிறது.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். நம்மவர்கள் அதை ஏதோ களங்கம் போல எண்ணி, அதைத் தவிர்க்கவே விசிட்டில் ஏறுகிறார்கள். உண்மையில் அது ஒரு காவல். சவூதி, குவைத், கத்தர், ஓமன், பஹ்ரைன், அமீரகம், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும் அத்தகையோரின் ஒப்பந்தத்தைக் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் பரிசீலித்தே அனுமதி தருகிறது. சென்னையிலும் அந்த அலுவலகம் உண்டு. அதோடு 'பிரவாசி பாரதிய பீமா' காப்பீடும் எடுத்தாக வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குச் சந்தா 275 ரூபாய்; விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய். குறுக்கு வழியில் போகிறவர் 275 ரூபாயை மிச்சம் பிடிக்கிறார்; இழப்பது என்ன என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வேலைக்கெனப் பெண்களை அழைக்கும் தரகர்களைப் பற்றி ஒரு சொல். சோதனைக் குறிப்புள்ள பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண்களில் 30 வயது நிரம்பாதவரை அனுப்ப அரசு அனுமதிப்பதில்லை. வயதை மாற்றிப் பாஸ்போர்ட் எடுத்துத் தருகிறேன் என்பவர், அந்தச் சகோதரியின் கையாலேயே முதல் குற்றத்தைச் செய்ய வைக்கிறார். பிறகு அவர் எங்குமே போய் முறையிட முடியாது.

மோய் ஆற்றுக்கு அப்பால்

அரபு நாட்டு மோசடியில் பணம் போகும், மானம் போகும், பெரும்பாலும் ஆள் திரும்பி வந்துவிடுவார். அண்மை ஆண்டுகளில் கிளம்பியிருக்கும் மற்றொன்று அப்படிப்பட்டதன்று. கணினி தெரிந்த பிள்ளைகளைக் குறிவைத்து வருகிறது. தாய்லாந்தில் 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்' அல்லது 'டேட்டா என்ட்ரி' வேலை, கொழுத்த சம்பளம், விமானச் சீட்டும் அவர்களே எடுத்துத் தருவார்கள். நாம் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை! பணம் கேட்டால்தான் மோசடி என்று நினைத்திருந்த வீடுகள் இங்கே ஏமாந்தன.

பாங்காக்கில் இறங்கியதும் காரில் ஏற்றி, மே சொட் என்னும் எல்லையூருக்குக் கொண்டு போகிறார்கள். இரவில் மோய் ஆற்றைக் கடந்தால் அக்கரை மியான்மரின் மியாவாடி. ஆயுதக் குழுக்களின் பிடியில் உள்ள பகுதி. பாஸ்போர்ட்டையும் கைப்பேசியையும் பறித்துக்கொண்டு, உயர்ந்த மதிலுக்குள் கணினி முன் உட்கார வைக்கிறார்கள். பொய்ப் பெயரில், பொய்ப் படத்துடன் உலகெங்கும் உள்ளவர்களிடம் நட்பாகப் பேசி அவர்கள் சேமிப்பைக் கறக்க வேண்டும், அதுதான் வேலை. மறுத்தால் அடி, மின்சார அதிர்ச்சி. இந்திய வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே இதுபற்றி எச்சரித்தது. அதே ஆண்டு அக்டோபரில் மீட்கப்பட்ட தமிழர்கள் 13 பேர் சென்னை வந்து இறங்கினர். 2025 மார்ச்சில் விமானப்படையின் இரு விமானங்களில் 549 இந்தியர்கள் மே சொட்டிலிருந்து அழைத்து வரப்பட்டார்கள். கம்போடியாவிலும் லாவோஸிலும் இதே போன்ற மதில்கள் உண்டு.

இதில் என் நெஞ்சை அறுப்பது அடியோ பட்டினியோ அன்று. ஹலாலான ரிஸ்க்கைத் தேடி, உம்மாவின் துஆவோடு புறப்பட்ட பிள்ளையை, இன்னொரு உம்மாவின் சேமிப்பைத் திருட வைக்கிறார்களே! ஏமாற்றப்பட்டவனையே ஏமாற்றுக்காரனாக்கும் இந்தக் கொடுமைக்கு எந்த இழப்பீடு ஈடாகும்?

இந்த அழைப்பும் முன்பே போன நண்பன் வழியாகத்தான் பெரும்பாலும் வருகிறது. ஆளைச் சேர்த்துக் கொடுத்தால் விடுவிப்போம் என்ற நிர்ப்பந்தத்தில் அவன் பேசலாம். நண்பன் குரலில் வந்தாலும், போகும் நிறுவனத்தின் பெயர், முகவரி, வேலை விசா இவற்றை அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கு எழுதிக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

உள்ளூரிலும், ஏன் வீட்டுக்குள்ளேயும் இது வருகிறது. கைப்பேசியில் படத்துக்கு 'லைக்' போட்டால் 150 ரூபாய் என்று தொடங்கி, இரண்டு நாள் ஒழுங்காகப் பணம் போட்டு, மூன்றாம் நாள் 'வைப்புத் தொகை' கட்டச் சொல்கிறார்கள். அதைத் திரும்பப் பெற மேலும் கட்டச் சொல்கிறார்கள். தையல் காசு, சீட்டுக் காசு என்று சேர்த்து வைத்த சகோதரிகள் இதில் விழுகிறார்கள். கணவருக்குத் தெரியக் கூடாதே என்று மறைத்து மேலும் விழுகிறார்கள். கல்லூரி மாணவர்களிடமோ, 'உன் வங்கிக் கணக்கைக் கொடு, வந்து போகும் பணத்தில் கமிஷன் தருகிறேன்' என்று கேட்கிறார்கள். வந்து போவது பிறரிடம் திருடிய பணம். காவல்துறை தேடி வருவது கணக்குக்கு உரியவரை.

பணம் போனது தெரிந்த அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பணம் பல கணக்குகளுக்குக் கைமாறுவதற்கு முன் நிறுத்த வாய்ப்புண்டு. நேரம் போகப் போக அது குறையும். வெளிநாட்டு வேலை பற்றிய ஐயத்துக்கும் புகாருக்கும் வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணமில்லா எண் 1800 11 3090. வெளிநாட்டு வேலைக்கு ஆட்களை அனுப்பத் தமிழ்நாடு அரசே 1978 முதல் சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை நடத்தி வருகிறது. அங்கே பதிவு செய்துகொள்ளலாம். வேலை உடனே கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன், காத்திருக்க நேரிடும்.

அந்தத் தாய்க்கு அன்றிரவு தூக்கமில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். என்மீதுகூடச் சற்று வருத்தம்தான். வந்த அதிர்ஷ்டத்தைக் காக்கா தட்டிவிட்டார் என்று. மறுநாள் அவருடைய மகள் உட்கார்ந்து ஈ-மைக்ரேட் தளத்தில் தேடினார். தாளில் இருந்த ஏஜன்சியின் பெயர் அதில் இல்லை. அந்த ஹோட்டல் குழுமத்தின் சொந்தத் தளத்துக்கே எழுதிக் கேட்டார். மூன்றாம் நாள் பதில் வந்தது: அப்படி ஒரு கடிதத்தை அவர்கள் கொடுக்கவில்லை.

ஜமாஅத் தலைவர் அந்த மருமகனைத் தனியே அழைத்துப் பேசினார். கூட்டம் கூட்டவில்லை, அது நல்ல முறை என்றே நினைக்கிறேன். அவர் அழுதாராம். மதுரையில் யாரோ ஒருவர் ஆளுக்கு 5,000 ரூபாய் தருவதாகச் சொல்லித் தாள்களைக் கொடுத்திருக்கிறார். இவரும் நம்பித் தம் மனைவியின் தம்பி பாஸ்போர்ட்டையும் அதே கட்டில் வைத்துக் கொடுத்திருந்தார். மொத்தம் ஏழு வீடுகள். காவல் நிலையத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்த பிறகு பாஸ்போர்ட்டுகள் ஏழும் தபாலில் திரும்பி வந்தன. அனுப்பியவர் முகவரி இல்லை.

அந்தத் தம்பி இப்போது ஊரிலேயே ஒரு மேஸ்திரியிடம் வயரிங் வேலை பார்க்கிறார். அரசு நிறுவனத்தில் பதிவும் செய்திருக்கிறார். வளையல்கள் உம்மாவிடமே இருக்கின்றன. முன்பணம் 25,000 ரூபாய் இன்னும் வரவில்லை.